பதின்பருவப் பிள்ளைக்கு உளவியல் ஆலோசனை தேவை என்பதை அறிவது எப்படி?

பிளஸ் டூ படிக்கும் பிள்ளை உள்ள வீட்டில் ‘கவுன்சலிங்’ என்ற சொல்லுக்குப் பொறியியல் கல்லூரியில் இடம் தேர்ந்தெடுப்பது என்பதே பொருள். அதன் மற்றொரு பொருள் பெரும்பாலான பெற்றோரின் காதில் முதன்முதலாக விழுவது தலைமையாசிரியரின் அறையில்தான். பையன் ஏதோ தப்பு செய்துவிட்டான், வீட்டிலிருந்து வரவழைத்திருக்கிறார்கள், கடைசியில் ‘யாராவது கவுன்சலரிடம் காட்டுங்கள்’ என்று சொல்லி அனுப்புகிறார்கள். இப்படித் தண்டனையோடு ஒட்டிக்கொண்டு வருவதால், உளவியல் ஆலோசனை என்பது அடங்காத பிள்ளைகளுக்கு உரியது என்ற எண்ணம் வீடுகளில் வேரூன்றிவிட்டது. சத்தம் போடும் பிள்ளையை யாராவது எப்படியோ அழைத்துச் சென்றுவிடுகிறார்கள். சத்தமில்லாமல் வாடும் பிள்ளை விடுபட்டுப்போகிறது.

ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை இருபத்தாறு ஆண்டுகள் வகுப்பாசிரியையாக இருந்தவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன். நான் மருத்துவர் அல்ல, உளவியல் படித்தவளும் அல்ல. என்ன நோய் என்று பெயர் சொல்வதற்குத்தான் அந்தப் படிப்பு வேண்டும். ஒரு பிள்ளையை எப்போது அழைத்துச் செல்ல வேண்டும் என்று முடிவு செய்வதற்கு, கூடவே இருப்பவர்களின் கண் போதும். 10 முதல் 19 வயது வரையுள்ளவர்களில் ஏழு பேருக்கு ஒருவர் ஏதேனும் ஒரு மனநலப் பாதிப்புடன் வாழ்வதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. நாற்பத்திரண்டு பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பறையில் அது ஆறு பேர். அந்த ஆறு பேரில் நான் கண்டுகொண்டவர்களைவிடக் கோட்டைவிட்டவர்களே அதிகம் என்று இப்போது தோன்றுகிறது.

வயதுக்கு உரியது எது, அதைத் தாண்டியது எது

கதவைச் சாத்திக்கொள்வது, எதிர்த்துப் பேசுவது, அப்பாவோடு கடைத்தெருவுக்கு வர வெட்கப்படுவது, நண்பன் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொள்வது, காலையில் இருந்த முகம் மாலையில் இல்லாமல் போவது ஆகியவை இந்த வயதின் இயல்பு. தூக்கமும் அப்படியே. பருவமடையும் காலத்தில், தூக்கத்தை வரவழைக்கும் மெலட்டோனின் சுரப்பு இரவில் தாமதமாகத் தொடங்குகிறது. பத்து மணிக்குப் படுக்கச் சொன்னாலும் பதினொன்றரைக்குத்தான் கண் சொருகும். ஆனால் அந்த உடலுக்கு எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் தேவை. விடியற்காலை ஐந்தரை மணி டியூஷனுக்கு எழுப்பப்படும் பிள்ளை எரிந்து விழுவதில் வியப்பில்லை. சில நாட்கள் நன்றாகத் தூங்கவிட்டாலே கரைந்துபோன ‘பிரச்சினைகள்’ சிலவற்றை நான் பார்த்திருக்கிறேன்.

அப்படியென்றால் எதை வைத்து அளப்பது? பக்கத்து வீட்டுப் பிள்ளையை வைத்து அல்ல. ‘நாங்கள் இந்த வயதில் எப்படி இருந்தோம் தெரியுமா’ என்பதை வைத்தும் அல்ல. அந்தப் பிள்ளை போன ஆண்டு எப்படி இருந்தது என்பதே அளவுகோல். இயல்பிலேயே அதிகம் பேசாத பிள்ளை பேசாமல் இருப்பது செய்தியல்ல. வாய் ஓயாமல் பேசிய பிள்ளை ஒரு மாதமாகக் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வது செய்தி. அந்த மாற்றம் இரண்டு வாரங்களுக்கு மேல் பெரும்பாலான நாட்களில் நீடிக்கிறதா, அது வீட்டில் மட்டும் தெரிகிறதா அல்லது பள்ளியிலும் நண்பர்களிடத்திலும் தெரிகிறதா என்ற இரண்டு கேள்விகளையும் சேர்த்துக் கேட்டுக்கொள்ள வேண்டும். வீட்டில் மட்டும் முறைத்துக்கொண்டு வெளியே கலகலப்பாக இருக்கும் பிள்ளைக்குப் பெரும்பாலும் வீட்டோடுதான் ஏதோ கணக்கு இருக்கிறது. எல்லா இடத்திலும் ஒரே மாதிரி மங்கிப்போன பிள்ளையை இனியும் ‘வயசுக் கோளாறு’ என்று தள்ளிவைக்கக் கூடாது.

நின்றுபோனவற்றைக் கவனிப்பது

பிள்ளை புதிதாக என்ன செய்கிறது என்பதைத்தான் நாம் கவனிக்கிறோம்: கைப்பேசி, பொய், கோபம், புதுக் கூட்டாளி. என் அனுபவத்தில், பிள்ளை எதைச் செய்யாமல் விட்டது என்பதுதான் முன்னதாகவே தெரியும் அடையாளம். ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட்டுக்கு விடிவதற்கு முன்பே ஓடியவன் மட்டையை யாருக்கோ கொடுத்துவிடுகிறான். மார்கழி முழுவதும் அம்மாவை முந்திக்கொண்டு கோலம் போட்டவள் இந்த ஆண்டு எழுந்திருப்பதே இல்லை. தலைக்குக் குளிப்பது, முடியைப் பின்னிக்கொள்வது, சீருடையைத் தேய்ப்பது, பிடித்த குழம்பு வைத்தால் இரண்டாம் முறை தட்டை நீட்டுவது என்று ஒவ்வொன்றாக உதிர்ந்துபோகும். ஒவ்வொன்றும் சின்ன விஷயம் என்பதால்தான் யாரும் கணக்கு வைப்பதில்லை. ஒரு பழைய நோட்டில் தேதி போட்டு இரண்டு வாரங்களுக்கு எழுதிவைத்தால், அது உங்கள் மனப்பிரமையா உண்மையான மாற்றமா என்பது தெளிவாகும். பிற்பாடு ஆலோசகரிடம் போகும்போது அந்த நோட்டே உங்களுக்காகப் பேசும்.

இந்த இடத்தில் என் தவற்றைச் சொல்லியாக வேண்டும். பதினொன்றாம் வகுப்பில் ஒரு மாணவி கடைசி பெஞ்சில் பேச்சும் சிரிப்புமாக இருப்பாள். அதற்காக என்னிடம் பலமுறை திட்டும் வாங்கியிருக்கிறாள். தீபாவளி விடுமுறைக்குப் பிறகு முன்வரிசைக்கு வந்து உட்கார்ந்தாள், பேச்சு நின்றது, வீட்டுப்பாடம் ஒரு நாளும் தவறவில்லை. பெற்றோர் கூட்டத்தில் அவள் அம்மாவிடம், “இப்போதுதான் பொறுப்பு வந்திருக்கிறது” என்று மகிழ்ச்சியோடு சொன்னேன். பொங்கலுக்குள் அவளை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாயிற்று. பிழைத்துக்கொண்டாள். ஆனால் தொல்லை தராத பிள்ளையை நல்ல பிள்ளை என்று எண்ணுவதில் ஆசிரியர்களுக்கு ஒரு சுயநலமும் இருக்கிறது என்பதை அன்று தெரிந்துகொண்டேன். முதல் மதிப்பெண் எடுக்கும் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும்; மதிப்பெண் குறையவில்லை என்பதற்காக உள்ளே எல்லாம் சரியாக இருக்கிறது என்று கொள்ள முடியாது.

மனச்சோர்வு என்றால் அழுகை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். பதின்பருவத்தில் அது அழுகையாக வெளிப்படாமல் சிடுசிடுப்பாகவும், சின்னச் சொல்லுக்குக் கதவை ஓங்கி அறைவதாகவும் வெளிப்படுவது வழக்கம். மருத்துவர்களின் அளவுகோல்களிலேயே இந்த வயதினருக்கு எரிச்சல் ஒரு முக்கிய அறிகுறியாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. ‘அவனுக்குத் திமிர்’, ‘அடியாத மாடு படியாது’ என்று பேச்சு வளர்வதும் இந்த இடத்தில்தான். இன்னும் பல பிள்ளைகளிடம் அது வயிற்றுவலியாகவும் தலைவலியாகவும் வரும். வருகைப் பதிவேட்டைப் புரட்டினால் சில பெயர்களுக்கு நேரே திங்கட்கிழமைகளில் மட்டும் வரிசையாக ‘ஆ’ இருக்கும். அந்த வயிற்றுவலி நடிப்பு அல்ல; வலி உண்மையானது, அதன் ஊற்றுதான் வேறு இடத்தில் இருக்கிறது.

அதற்காக உடலைப் பார்க்காமல் மனத்துக்குத் தாவிவிடவும் கூடாது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு இரத்தசோகை இருக்கிறது. களைப்பு, படிப்பில் கவனமின்மை, எதிலும் நாட்டமின்மை எல்லாம் அதனாலும் வரும், தைராய்டு குறைபாட்டாலும் வரும். பொது மருத்துவரிடம் காட்டி ஓர் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ஆனால் ‘அறிக்கை வரட்டும், பிறகு பார்க்கலாம்’ என்று மாதக்கணக்கில் தள்ளாமல், இரண்டையும் ஒருங்கே நடத்துங்கள்.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. பிள்ளை பள்ளிக்குப் போக மறுப்பதற்குக் காரணம் பிள்ளையின் மனத்தில் இல்லாமல் பள்ளியிலேயே இருக்கலாம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் சாதி வெறியால் வீடு புகுந்து வெட்டப்பட்ட பன்னிரண்டாம் வகுப்பு மாணவர், அதற்கு முன்பே உடன் படித்தவர்களின் துன்புறுத்தலால் பள்ளிக்குப் போகாமல் இருந்திருக்கிறார். கேலி, சாதிப் பேச்சு, ஆசிரியரின் சுடுசொல், கைப்பேசியில் இருக்கும் படத்தைக் காட்டி மிரட்டல், தெரிந்தவர் ஒருவரின் பாலியல் தொல்லை ஆகியவற்றில் ஏதேனும் இருக்கிறதா என்பதை முதலில் மெல்ல விசாரிக்க வேண்டும். துன்புறுத்துபவரை அப்படியே விட்டுவிட்டு, துன்பப்படும் பிள்ளைக்கு மட்டும் தாங்கும் மனவலிமையைக் கற்றுத்தரும்படி ஆலோசகரைக் கேட்பது அநியாயம்.

இரண்டு வாரம் காத்திருக்கக் கூடாதவை

சில அடையாளங்களுக்கு நோட்டும் வேண்டாம், தேதியும் வேண்டாம். சாவைப் பற்றிப் பேசுவது அல்லது எழுதுவது, ‘நான் இல்லாவிட்டால் உங்களுக்கெல்லாம் நிம்மதி’ போன்ற சொற்கள், மிகவும் பிடித்த பொருட்களை நண்பர்களுக்குக் கொடுத்துவிடுவது, கையைக் கீறிக்கொள்வது, சித்திரை வெயிலிலும் முழுக்கைச் சட்டையைக் கழற்ற மறுப்பது, வேறு யாருக்கும் கேட்காத குரல் தனக்குக் கேட்பதாகச் சொல்வது, உணவை வெறுத்து எடை வேகமாகக் குறைவது, முன்பு ஒருமுறை உயிரை விட முயன்றிருப்பது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே மருத்துவ உதவியை நாட வேண்டும். நீண்ட நாள் வாடியிருந்த பிள்ளை காரணமே இல்லாமல் திடீரென்று அமைதியடைந்துவிட்டால் அதையும் முன்னேற்றம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பெற்றோர் பலர் கேட்கத் தயங்கும் கேள்வியை வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள்: “செத்துப்போயிடலாம்னு தோணுதா, கண்ணு?” கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை, உள்ளே வைத்துத் தவித்த பிள்ளைக்கு அதை இறக்கிவைக்க ஓர் இடம் கிடைக்கிறது. ஆம் என்று பதில் வந்தால் ‘எங்களை நினைத்துப் பார்த்தாயா’, ‘குடும்ப மானம் என்ன ஆவது’ என்றெல்லாம் பேச வேண்டாம். தனியாக விடாமல் கூட இருங்கள். பூச்சிமருந்து, எலிமருந்து, பாட்டிக்கான மாத்திரைகள் எல்லாவற்றையும் பூட்டிவைத்துச் சாவியை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். விவசாய வீடுகளில் மருந்து டப்பாவைக் கொட்டகையில் செருகிவைக்கும் பழக்கம் உண்டு என்பதால் அங்கேயும் பாருங்கள். அந்த எண்ணம் உச்சத்தில் இருக்கும் நேரம் பல சமயங்களில் குறுகியது. அந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் எதுவும் இல்லாமல் இருப்பதே உயிரைக் காப்பாற்றும். போலீஸ் வழக்கு வரும் என்று அஞ்சி மருத்துவமனைக்குப் போகாமல் இருக்காதீர்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருதப்பட வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்று 115ஆம் பிரிவில் கூறுகிறது.

பேச்சைத் தொடங்குவது

சாப்பாட்டு மேசையில் எல்லோரும் சூழ உட்கார்ந்து விசாரணை நடத்தினால் ஒரு சொல்லும் வராது. முகத்துக்கு நேர் முகம் பார்க்க வேண்டிய தேவை இல்லாத இடங்களில் பிள்ளைகள் சுலபமாகப் பேசுகிறார்கள்: ஸ்கூட்டரின் பின் இருக்கையில், மொட்டைமாடியில் துணி உலர்த்தும்போது, மின்சாரம் போன இரவில். அங்கேயும் அடைமொழிகளை விட்டுவிட்டுக் கண்ணால் கண்டதை மட்டும் சொல்லுங்கள். ‘நீ இப்போதெல்லாம் சரியில்லை’ என்றால் சண்டை வரும். “மூணு வாரமா நீ விளையாடப் போகல, ராத்திரி ரெண்டு மணிக்கு உன் ரூம்ல லைட் எரியுது, எனக்குப் பயமா இருக்குடா” என்றால் மறுக்க அதில் எதுவும் இல்லை. பதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள்; இரண்டு நாள் கழித்து அதே கவலையை அதே குரலில் மறுபடியும் சொல்லுங்கள்.

ஆலோசகரிடம் போகலாம் என்று சொல்லும்போது, ‘உனக்குப் பிரச்சினை இருக்கிறது’ என்று தொடங்காமல், ‘இதை எப்படிச் சரிசெய்வது என்று எங்களுக்குத் தெரியவில்லை, தெரிந்தவர் ஒருவரிடம் கேட்போம்’ என்று தொடங்குவது உண்மையும் ஆகும், மரியாதையும் ஆகும். ஆண் ஆலோசகரா பெண் ஆலோசகரா என்பதைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். இரண்டு முறை மட்டும் வந்து பார், பிடிக்காவிட்டால் வேறு ஒருவரைப் பார்ப்போம் என்று பேசிக்கொள்ளலாம். கடைக்கு என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போய் மருத்துவமனை வாசலில் இறக்குவதை மட்டும் செய்யாதீர்கள். அந்தப் பிள்ளை பிறகு நீங்கள் சொல்லும் எதையும் நம்பாது. ஒரேயடியாக மறுத்தால் நீங்கள் முதலில் தனியாகப் போய்ப் பேசலாம், அதற்கும் இடமுண்டு. பாட்டி மந்திரித்துக் கயிறு கட்ட விரும்பினால் அதற்காக வீட்டில் ஒரு போர் தொடுக்க வேண்டியதில்லை. கயிறு கையில் இருக்கட்டும், மருத்துவமனைக்கான தேதி அதற்காகத் தள்ளிப்போக வேண்டாம். பேயோட்டுவதாகச் சொல்லி அடிப்பதையும் பட்டினி போடுவதையும் எந்த நிலையிலும் அனுமதிக்கக் கூடாது.

யாரிடம், எங்கே

ஆலோசகர் பேச்சின் வழியே உதவுபவர். அவர் மருந்து எழுத முடியாது. மருத்துவ உளவியலாளர் சோதனைகள் செய்து, முறையான உளவியல் சிகிச்சை அளிப்பவர். மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து அதற்கு மேல் மனநல மருத்துவம் படித்தவர். மருந்து தேவையா என்று முடிவு செய்பவர் அவரே. தேர்வு பயம், நட்பு முறிவு, வீட்டில் ஒரு சாவு, பெற்றோரின் பிரிவு போன்றவற்றுக்கு ஆலோசகரிடம் தொடங்கலாம். ‘இரண்டு வாரம் காத்திருக்கக் கூடாதவை’ என்ற பகுதியில் சொன்ன அவசர அடையாளங்களுக்கு நேராக மனநல மருத்துவரிடம் போக வேண்டும்.

பணம் இல்லை என்பது தடையாக வேண்டியதில்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் புறநோயாளிகள் பிரிவு உண்டு. சென்னையில் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையும் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையும் இருக்கின்றன. 1794இல் தோன்றிய அந்த இரண்டாவது மருத்துவமனையின் ஊர்ப்பெயரையே நாம் வசைச்சொல்லாக்கிவிட்டோம். அந்தக் கேலியைக் கேட்டு வளர்ந்த பிள்ளைதான் ‘நான் என்ன பைத்தியமா’ என்று முதல் கேள்வியாகக் கேட்கிறது. நேரில் போகும் முன் தொலைபேசியில் பேசிப் பார்க்க விரும்பினால், 2022 அக்டோபர் 10 முதல் இயங்கிவரும் டெலிமானஸ் என்ற அரசு மனநல ஆலோசனைச் சேவைக்கு 14416 என்ற எண்ணில் எந்த நேரத்திலும் அழைக்கலாம். தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. தமிழக அரசின் மருத்துவ உதவி எண் 104, குழந்தைகளுக்கான உதவி எண் 1098, சென்னையில் 1986 முதல் தற்கொலைத் தடுப்புப் பணியில் இருக்கும் சினேகா அமைப்பின் 044-24640050 ஆகிய எண்களையும் பிள்ளையின் கைப்பேசியிலேயே பதிந்துவையுங்கள். பொதுத்தேர்வு முடிவு வரும் நாளில் பிள்ளையைத் தனியாக வீட்டில் விட்டுவிட்டு வேலைக்குப் போகாமல் இருந்தால் இன்னும் நல்லது. தவறிய பாடத்தைத் துணைத்தேர்வில் அதே ஆண்டு எழுதிவிடலாம் என்பதை முடிவு வருவதற்கு முந்தைய வாரமே சொல்லிவையுங்கள்.

பிள்ளை சொன்னதையெல்லாம் ஆலோசகர் உங்களிடம் ஒப்பிக்க மாட்டார். ஒப்பித்தால் பிள்ளை அடுத்த முறை வாயைத் திறக்காது. உயிருக்கு ஆபத்து என்றால் அவர் உங்களிடம் சொல்வார். பதினெட்டு வயதுக்கு உட்பட்டவருக்குப் பாலியல் கொடுமை நடந்திருப்பது தெரிந்தால், போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி அவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். முதல் சந்திப்பிலேயே இந்த வரம்புகளை மூவரும் இருக்கும்போது கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. ஒரே அமர்வில் மாற்றிக் காட்டுகிறேன் என்பவரையும், பிள்ளைக்கு அறிவுரை மழை பொழிபவரையும் விட்டு விலகுங்கள். தன்பால் ஈர்ப்பையோ பாலின அடையாளத்தையோ ‘குணப்படுத்துவதாக’ ஒருவர் சொன்னால் உடனே வெளியேறிவிடுங்கள். அத்தகைய மாற்றுமுயற்சிகளுக்குச் சென்னை உயர்நீதிமன்றம் 2021இலேயே தடை விதித்திருக்கிறது. அமர்வு பொதுவாக முக்கால் மணி நேரம், பெரும்பாலும் வாரம் ஒருமுறை. பலன் தெரிய ஐந்தாறு அமர்வுகளாவது ஆகும்; நடுவில் ஒரு வாரம் பழையபடி கோபம் வந்துவிட்டது என்பதற்காக நிறுத்திவிட வேண்டாம்.

திரும்பி வரும் வழியில் ‘அவரிடம் என்ன சொன்னாய்’ என்று கேட்காதீர்கள். பசிக்கிறதா என்று கேட்டால் போதும். மறுநாள் பள்ளிக்குக் கொண்டுபோகும் விடுப்புக் கடிதத்தில் ‘காய்ச்சல்’ என்று பொய் எழுத வேண்டியதும் இல்லை, உண்மை முழுவதையும் எழுத வேண்டியதும் இல்லை; ‘மருத்துவமனைக்குச் சென்றதால்’ என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். வகுப்பாசிரியர் நம்பத்தக்கவர் என்று தோன்றினால், பிள்ளையின் சம்மதத்தோடு அவரிடம் மட்டும் தனியாகச் சொல்லுங்கள். எந்த நாளில் வரவில்லை, யாரோடு உட்காருவதை நிறுத்தியிருக்கிறது, மதிய உணவைப் பிரித்தும் பிரிக்காமலும் மூடிவைக்கிறதா என்று வகுப்பில் பார்க்கக்கூடியவர் அவர்தான்.